ஸ்டுடியோவுக்கு லேப்டாப் வேண்டாம், முதலில் டிஸ்க்கை மாற்றுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று படம் எடுப்பதோடு ஆல்பம் டிசைனும் நானே செய்கிறேன். 2018 கடைசியில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்: ஐ5-8400 பிராசஸர், எச்310 போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இப்போதெல்லாம் ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய்வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கிறது. போட்டோஷாப்பில் ஷீட்டைத் திறந்தால் நின்று நின்று வருகிறது. சில நாட்களாக டிஸ்க்கிலிருந்து கரகரவென்று சத்தம் வேறு. டிஸ்க் நிறையும்போது பழைய கல்யாணங்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு இடம் பிடிப்பேன். கடையில் கேட்டால், இது தேறாது, விண்டோஸ் 11 ஏறாது, புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள். மைத்துனர் லேப்டாப் வாங்கச் சொல்கிறார். தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கப்போகும் மகளுக்கும் அதுவே ஆகும், கரண்ட் போனாலும் கவலையில்லை என்பது அவர் கணக்கு. கையில் எண்பதாயிரம் இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் முடிவு செய்ய வேண்டும். என்ன வாங்கலாம்?

பதில்: நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் கேள்வியைவிட, நடுவில் போகிறபோக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்குக் கவலை தந்தன. ஒன்று, டிஸ்க்கில் வரும் சத்தம். இன்னொன்று, பழைய கல்யாணங்களை எக்ஸ்டர்னலுக்கு மாற்றிவிடுவது. லேப்டாப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்கை நம்பி ஒரு நாள்கூட வேலை பார்க்காதீர்கள். இன்றே ஒரு புது எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, இன்னும் ஆல்பம் கொடுத்து முடிக்காத கல்யாணங்களை முதலில் காப்பி எடுங்கள். அதன் பிறகு மற்றவை. டிஃப்ராக், செக்டிஸ்க் போன்ற, டிஸ்க்கைச் சீர்செய்யும் கருவிகள் எதையும் இப்போது ஓட்ட வேண்டாம். பலவீனமான டிஸ்க்கை அவை மணிக்கணக்கில் முழுசாகப் புரட்டும், பிழைத்திருப்பதும் அதில் போய்விடலாம். காப்பி முடிந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் ரீஅலோகேட்டட் செக்டார், பென்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளிலும் ‘ரா வேல்யூ’ என்ற கட்டத்தைப் பாருங்கள், அங்கே பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் அந்த டிஸ்க் விடைபெறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கரகர சத்தம் மாறி, சீராக டக் டக் என்று தட்டும் சத்தம் வந்துவிட்டால் உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது தகட்டையே கீறிவிடலாம்.

இரண்டாவது விஷயம். ஒரு கல்யாணத்தை டெஸ்க்டாப்பிலிருந்து எக்ஸ்டர்னலுக்கு நகர்த்தினால் அது பேக்கப் ஆகாது. முன்பு ஒரு இடத்தில் ஒரே பிரதியாக இருந்தது, இப்போது இன்னொரு இடத்தில் ஒரே பிரதியாக இருக்கிறது. அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் மேஜையிலிருந்து ஒருமுறை விழுந்தால் போதும், இத்தனை வருட கல்யாணங்களும் அதோடு போகும். பல ஸ்டுடியோக்களில் இதே வழக்கத்தைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. ஆல்பம் கொடுத்தாகிவிட்டதே என்று நாம் நினைப்போம். ஆனால் தாத்தா தவறிப்போன மறுநாள், மாலையிட்டு வைக்க ஒரு நல்ல படம் வேண்டும் என்று அந்தக் குடும்பம் உங்களிடம்தான் வந்து நிற்கும்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ஒரு விதி உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். சின்ன ஸ்டுடியோவுக்கு இதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்குள் ஒரு பிரதி, எக்ஸ்டர்னலில் ஒரு பிரதி, அந்த எக்ஸ்டர்னலை ராத்திரி கடையில் விடாமல் வீட்டுக்கு எடுத்துப்போவது. இதுவாவது கட்டாயம் வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாத் தேர்வுகளும் இதைச் சுற்றியே அமைந்தவை.

சரி, இப்போது மெதுவாக ஓடுவதற்கு வருவோம். உங்கள் பிராசஸர் ஆறு கோர் கொண்டது. ஆல்பம் வேலைக்கு அது இன்னும் போதும். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஷீட்டைத் திறந்து பாருங்கள். சிபியு பாதியைக்கூடத் தொடாமல் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். அப்படி நின்றால் பிராசஸர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

ஏன் காத்திருக்கிறது என்பதற்கு உங்கள் ஷீட்டே கணக்குச் சொல்லும். 12-க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ. அகலம் 10,800 பிக்சல், உயரம் 3,600 பிக்சல், ஆக மொத்தம் சுமார் 3.9 கோடி பிக்சல்கள். ஷீட்டை முழுதாக நிரப்பும் ஒரு லேயருக்கு மட்டும் 116 எம்பி நினைவகம் வேண்டும். பின்னணி, மாஸ்க், பத்துப் படங்கள், போட்டோஷாப் நினைவில் வைத்திருக்கும் முந்தைய படிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஷீட்டே சில ஜிபியை எட்டும். 8 ஜிபி ராமில் விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் போக மிஞ்சுவது பாதிதான். இடம் போதாதபோது போட்டோஷாப் டிஸ்க்கையே நினைவகம் போலப் பயன்படுத்தும். ஸ்க்ராட்ச் டிஸ்க் என்பது அதுதான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் ஊசி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகச் சுமார் பத்து மில்லி செகண்ட் ஆகும், அதாவது நொடிக்கு நூறு சொச்சம் இடங்கள்தான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் அதே ஒரு நொடியில் பல்லாயிரம் இடங்களைப் படித்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் எம்பி வேகத்தைவிட இந்த வித்தியாசம்தான் உங்கள் கைக்குத் தெரியும்.

ஆகவே ஒரு 1 டிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். விண்டோஸ், போட்டோஷாப், கையில் ஓடிக்கொண்டிருக்கும் கல்யாணங்கள் மூன்றும் இதில் இருக்கட்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஃபைலாக எடுத்தால் ஒரு கல்யாணமே 100 ஜிபியைத் தொடும். 4கே வீடியோவும் எடுப்பவர் என்றால், 100 எம்பிபிஎஸ் பதிவில் மணிக்கு 45 ஜிபி. அதனால்தான் 500 ஜிபி போதும் என்று சொல்லவில்லை. எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் அதன் வேகமும் குறையும். ஐந்தில் ஒரு பங்கு காலியாகவே இருக்கட்டும்.

எந்த வகை என்று கடையில் கேட்பார்கள். இங்கேதான் பலர் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்தச் சின்னப் பட்டை வடிவத்தில் சாட்டா என்ற பழைய இணைப்பின் வேகத்தில் ஓடுவதும் உண்டு, என்விஎம்இ என்ற புதிய முறையின் வேகத்தில் ஓடுவதும் உண்டு. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை தரும். சாதாரண மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பி வரை தரும், நான்காம் தலைமுறை அதற்கும் இரண்டு மடங்கு. ஆனால் உங்களுடையது எச்310 போர்டு. அந்தச் சிப்செட் தகவல் போய்வர, வேகம் குறைந்த பழைய பிசிஐஇ 2.0 பாதைகளைத்தான் தருகிறது. அதில் 7,000 எம்பி என்று பெட்டியில் போட்ட எஸ்எஸ்டியைச் செருகினாலும் அதில் கால்வாசியைக்கூட நீங்கள் பார்க்க முடியாது. சில எச்310 போர்டுகளில் எம்.2 இடமே இருக்காது. ஆகவே போர்டு மாடலின் கையேட்டைப் பாருங்கள். எம்.2 இடம் இருந்து என்விஎம்இயை ஏற்கும் என்றால், இருப்பதிலேயே எளிமையான மூன்றாம் தலைமுறை என்விஎம்இ வாங்குங்கள், நாளைக்குப் போர்டை மாற்றும்போது அது முழு வேகத்தில் ஓடும். இல்லையென்றால் இரண்டரை அங்குல சாட்டா போதும், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியும் வித்தியாசம் பெரியது. அங்கிருந்து என்விஎம்இக்கு மாறும்போது ஷீட் திறக்கும் வேலையில் அவ்வளவாகத் தெரியாது.

வாங்கும்போது உள்ளே இருக்கும் மெமரி சிப் டிஎல்சி வகையா என்று கேளுங்கள். க்யூஎல்சி விலை குறைவு, ஆனால் பெரிய காப்பி ஒன்று ஓடும்போது பாதியில் சோர்ந்துவிடும். எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துபோகும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. நல்ல 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு வழக்கமாக 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். வருடம் முழுக்க நாள்தோறும் 100 ஜிபி எழுதினாலும் அதைத் தொடப் பதினாறு வருடம் ஆகும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்த படத்தை ரெகவரி மென்பொருள் போட்டு மீட்கலாம். எஸ்எஸ்டியில் அழித்தால், ட்ரிம் என்ற வசதி அந்த இடத்தைத் துடைத்துவிடுவதால், பெரும்பாலும் மீளாது. பேக்கப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எஸ்எஸ்டியோடு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ராம் சேர்த்து 16 ஆக்கிக்கொள்ளுங்கள். ஏஐ சர்வர்களின் பக்கம் உற்பத்தி திரும்பியதால் 2025 பிற்பகுதியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கிறது, எஸ்எஸ்டி விலையையும் அது தொட்டிருக்கிறது. புது ராம் கட்டுப்படியாகவில்லை என்றால் நல்ல கடையில் செகண்ட் ஹேண்ட் ராம் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ ஒருபோதும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். ஆன்லைனில் நம்பவே முடியாத விலையில் வரும் 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டிகள் பக்கமும் போக வேண்டாம். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்துப் பெரிய அளவு காட்டும் போலிகள் அவை. படங்கள் காப்பி ஆனது போலவே இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

விண்டோஸ் 11 ஏறாது என்று கடைக்காரர் சொன்னது உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது. இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 11-க்கு அனுமதி உண்டு, உங்களுடையது எட்டாம் தலைமுறைதான். டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று திரையில் வந்திருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புகளுக்குள் போய், டிபிஎம் வேலையைச் செய்யும் இன்டெல் பிடிடி என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள், பூட் முறையை யூஇஎஃப்ஐக்கு மாற்றுங்கள், செக்யூர் பூட்டை இயக்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. எப்படியும் மாற வேண்டியதுதான். அதனால் பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் எடுக்காமல், புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலிருந்து க்ளோன் எடுத்தால் சேதமான ஃபைல்களும் கூடவே வரும்.

முடிந்த கல்யாணங்களுக்கு உள்ளே ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் போடுங்கள், வெளியே அதே அளவில் ஒரு எக்ஸ்டர்னல். இன்று அவசரத்துக்கு வாங்கச் சொன்னேனே, அதையே 4 டிபியாக வாங்கிவிட்டால் இதற்கும் ஆகும். அப்படியே வைத்துப் பாதுகாக்க இன்றும் ஹார்ட் டிஸ்க்தான் சரி. மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் பீரோவில் கிடக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல.

இந்த இடத்தில் மைத்துனர் யோசனைக்கு வருகிறேன். பதின்மூன்றாம் தலைமுறை லேப்டாப் உங்கள் பிராசஸரைவிட வேகமானது என்று அவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் லேப்டாப்பில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை எங்கே வைப்பது? பெரும்பாலானவற்றில் ஒரு எம்.2 இடம், மிஞ்சினால் இரண்டு. மற்றதெல்லாம் வெளியே ஒயரில் தொங்கும். கைபட்டு ஒயர் கழன்றால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போச்சு. உங்கள் போர்டிலோ வழக்கமாக நான்கு சாட்டா இணைப்புகள் இருக்கும். நாளைக்குப் போர்டும் பிராசஸரும் மாற்ற நேர்ந்தாலும் கேபினட், மானிட்டர், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அப்படியே தொடரும்.

இதைவிட முக்கியம் திரை. ஐம்பது அறுபதாயிரம் விலைக்குள் வரும் பல லேப்டாப்களில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று குறிப்பிடப்படும் பேனல்தான் இருக்கும். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான வண்ணத் தொகுப்பில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது காட்டாது. சிவப்புகள்தான் முதலில் அடிபடும். முகூர்த்தப் புடவையின் அரக்கும் நெற்றிக் குங்குமமும் மங்கலாகத் தெரிகிறதே என்று நீங்கள் சிவப்பை ஏற்றுவீர்கள். லேபிலிருந்து பிரிண்ட் வரும்போது சிவப்பு அப்பிக்கொண்டு வரும். பக்கத்திலேயே திருபுவனம் பட்டு நெய்கிற ஊர்க்காரருக்குப் புடவை நிறத்தில் விட்டுக்கொடுக்க முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போதிருக்கும் மானிட்டர், நிறம் மாறாமல் காட்டும் ஐபிஎஸ் வகையா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முகூர்த்த சீசனில் வரும் பணத்தில் எஸ்ஆர்ஜிபி முழுதாகக் காட்டும் மானிட்டர் ஒன்று வாங்குங்கள்.

மண்டபத்திலேயே படம் காட்டி செலக்‌ஷன் வாங்குவது, அன்றைக்கே ஒரு சின்ன வீடியோ எடிட் செய்து ரிசப்ஷனில் ஓடவிடுவது போன்ற வேலைகளை நீங்கள் எடுப்பவராக இருந்திருந்தால் லேப்டாப் வாங்கத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எல்லாம் ஸ்டுடியோ மேஜையில்தான் நடக்கிறது.

கரண்ட் விஷயத்தில் மைத்துனர் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் யூபிஎஸ் பற்றி எழுதவே இல்லை, இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து போட்டோஷாப் வேலையில் சுமார் 100 வாட் இழுக்கும். ஒரு 600 விஏ யூபிஎஸ் பத்து நிமிடம் போலத் தாங்கும், சேவ் செய்து முறையாக அணைக்க அது போதும். பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், அதை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யூபிஎஸ் மோடில் வையுங்கள், சாதாரண மோடில் மாறும் அந்த நொடிப்பொழுதிலேயே டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். மின்கட்டணம் பெரிய விஷயமில்லை. பத்து மணி நேர வேலைக்கு டெஸ்க்டாப் ஒரு யூனிட், லேப்டாப் அதில் பாதிக்கும் குறைவு.

மகள் விஷயத்தில் ஒன்றை யோசியுங்கள். தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணும் கும்பகோணத்தில் ஆல்பம் போடும் அப்பாவும் ஒரே லேப்டாப்பை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது? பரீட்சையும் முகூர்த்தமும் ஒரே வாரத்தில் வந்தால் இருவரில் ஒருவர் வேலை கெடும். அவருக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள், உண்மையில் லேப்டாப் தேவைப்படுவது அவருக்குத்தான். அதில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். 16 ஜிபி ராம் இருப்பது நல்லது. 8 ஜிபிதான் கட்டுப்படியாகும் என்றால், ராம் முழுவதும் போர்டிலேயே பற்றவைத்த மாடலை வாங்காதீர்கள், பின்னால் ஏற்ற ஒரு காலி ஸ்லாட்டாவது வேண்டும். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். அது 2280 என்ற வழக்கமான நீளத்து எம்.2வாக இருந்தால் பின்னால் பெரிதாக மாற்றுவது சுலபம். அப்படி மாற்றும் நாளில், கழற்றுவதற்கு முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் ரெகவரி கீ இருக்கிறதா என்று மகள் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் கேட்காமலேயே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும், சாவி இல்லாமல் அந்த எஸ்எஸ்டியை வெளியே வைத்துப் படிக்க முடியாது. வாரன்டி காலத்தில் திறக்கலாமா என்பதை சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அவருக்குக் கேமிங் லேப்டாப் அவசியமில்லை.

எண்பதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஸ்டுடியோவுக்கும் மீதியை மகளின் லேப்டாப்புக்கும் ஒதுக்கலாம். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால் தொகை எதுவும் எழுதவில்லை, ஜிஎஸ்டி பில்லோடு இரண்டு கடையில் விசாரியுங்கள். பணம் இடித்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்: எக்ஸ்டர்னல் டிஸ்க், எஸ்எஸ்டி, யூபிஎஸ், ராம், அப்புறம் உள்ளே போடும் ஹார்ட் டிஸ்க். இப்படி வாங்கும்வரை முடிந்த கல்யாணங்களின் இரண்டாம் பிரதி நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பழைய எக்ஸ்டர்னலிலேயே இருக்கட்டும்.

ஆடியில் முகூர்த்தம் இல்லாதது வசதி, மாற்றுவதை அந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஃபார்மேட் அடிப்பவரிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் தனியாக எடுத்துவைக்க வேண்டியவை சில உண்டு: விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள், ஆல்பம் டெம்ப்ளேட்டுகள், போட்டோஷாப் ஆக்‌ஷன்கள், பிரஷ்கள், லேபின் கலர் புரொஃபைல். எழுத்துரு விட்டுப்போனால் பழைய ஷீட்டில் மணமக்கள் பெயரே கட்டம் கட்டமாக நிற்கும். விண்டோஸ் ஏறியதும் போட்டோஷாப்பின் பிரிஃபரன்சஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்காக எஸ்எஸ்டியைக் குறித்துவிடுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கழற்றிய பழைய 1 டிபி டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். எல்லாப் படங்களும் புது இடத்தில் திறக்கின்றனவா என்று ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்க்கும்வரை அது உங்களிடமே இருக்கட்டும். பிறகு நடுவில் துளைபோட்டு மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள். அதில் இருப்பவை மற்றவர்கள் வீட்டுப் படங்கள்.